இரண்டாவது அறையைக் கழுவியவன்

தம்பி,

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்குவதாகச் சொல்லியிருக்கிறாய். இன்றைக்குப் புதன்கிழமை. நீ பஸ் ஏறுவதற்குள் இதைப் படித்துவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். பத்து நாளாகச் சொல்லிவிடலாம் என்றுதான் போனை எடுக்கிறேன். "மீனெல்லாம் எப்டிப்பா இருக்கு?" என்று நீ கேட்டதும் என் வாய் தானாக, "அதுகளுக்கு என்னடா, ஜம்முனு இருக்கு" என்று சொல்லிவிடுகிறது. வீடியோவில் காட்டச் சொன்னாய். கரண்ட் இல்லை என்றேன். மறுநாள் சிக்னல் இல்லை என்றேன். அதற்கும் மறுநாள் போனில் கேமரா ரிப்பேர் என்றேன். பேசும்போது சரளமாக வருகிற பொய் பேனாவைப் பிடித்தால் வர மறுக்கிறது. அதனால் நோட்டில் எழுதிப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்பப் போகிறேன். கேமரா ரிப்பேர் ஆகவில்லை என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். உன் தொட்டியில் இருந்த ஆறு மீன்களில் ஐந்து செத்துப் போய்விட்டன. ஆரஞ்சு நிறப் பேரட் நான்கும் போய்விட்டன, இரண்டு ஆஸ்கரில் சின்னதும் போய்விட்டது. உன் கையிலிருந்து இரை வாங்கித் தின்னுமே, அந்தப் பெரிய ஆஸ்கர் மட்டும் இருக்கிறது. அதுவும் அடியில் ஒருக்களித்துப் படுத்துக் கிடக்கிறது. நோய் வரவில்லை, மோட்டார் நிற்கவில்லை, பூனை வரவில்லை. நான்தான் கொன்றேன். வேண்டுமென்று செய்யவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் செய்யாதே என்று நீ எழுதி ஒட்டியிருந்ததைப் படித்துவிட்டுத்தான் செய்தேன்.

வேறு யாராவது இதைப் படித்தால், ஐந்து மீனுக்கு இவ்வளவு பெரிய ஒப்பாரியா என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்தத் தொட்டி நம் வீட்டுக்குள் எப்படி வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. உனக்கும் எனக்கும் அம்மாவுக்கும்தான் தெரியும். வந்து அதைப் பார்த்ததும் நீ மறுபடி உன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாயோ என்ற பயத்தில் பத்து நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. மீனைவிட எனக்கு அந்தப் பயம்தான் பெரிதாக இருக்கிறது.

போன வருஷம் வைகாசியில் ஒரு காலைப்பொழுதில், கீரமங்கலம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ பிடித்து இரண்டு பையோடு வந்து இறங்கினாய். லீவா என்றேன். "ம்" என்றாய். ஒரு வாரம் ஆயிற்று, ஒரு மாதம் ஆயிற்று, அந்த லீவு முடியவே இல்லை. சென்னையில் அந்தக் கம்பெனியில் என்ன நடந்தது, வேலையை நீ விட்டாயா அவர்கள் அனுப்பினார்களா என்று நான் கேட்கவில்லை. பெருந்தன்மையால் கேட்காமல் இருந்தேன் என்று நினைத்துவிடாதே. கேட்டால் சொல்லிவிடுவாயோ என்ற பயம். சொன்னால் அப்பனாகப்பட்டவன் அதற்கு ஏதாவது செய்ய வேண்டும். எனக்கு என்ன செய்யத் தெரியும்? ஊரில் எந்தத் தெருவில் குழாய் உடைந்தாலும் எந்த வால்வை மூட வேண்டும் என்று தெரியும். முப்பத்தொரு வருஷம் ஊராட்சியில் மேல்நிலைத் தொட்டி பார்த்தவனுக்கு அதற்குமேல் ஒன்றும் தெரியாது.

கேட்க வேண்டியதைக் கேட்காதவன் கேட்கக் கூடாததைக் கேட்டேன். உன் மாமா வந்திருந்த அன்று, அவர் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, உன் அறைக் கதவைப் பார்த்துச் சத்தமாக, "இப்புடியே படுத்துக் கெடந்தா எவன்டா ஒனக்குப் பொண்ணு குடுப்பான்?" என்றேன். மாமா டீயை வைத்துவிட்டு, "விடுங்க மச்சான், பய காதுல விழுந்துறப் போகுது" என்றார். விழ வேண்டும் என்றுதானே கத்தினேன். இரண்டு நாள் நீ வெளியே வரவில்லை. அம்மா தட்டைக் கதவருகே வைத்துவிட்டு வருவாள், அது அப்படியே ஈ மொய்த்துக் கிடக்கும். இன்றுவரை அதற்காக உன்னிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், என்னை மன்னித்துவிடு.

ஆடி மாதத்தில் ஒருநாள் நான் கொல்லையில் மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தபோது, பின்னால் வந்து நின்று, "ஏம்ப்பா, நம்மகிட்ட ஒரு இஞ்சு டேங்க் நிப்பிள் இருக்கா?" என்றாய். எத்தனையோ நாளுக்கு அப்புறம் நீயாகப் பேசிய முதல் வார்த்தை அது. தொட்டிச் சுவரில் ஓட்டை போட்டுக் குழாய் இணைக்கிற அந்தச் சின்னச் சாமானை, எதற்கு என்றுகூடக் கேட்காமல் ஓடிப்போய்ப் பரணில் தேடினேன். மூன்று கிடைத்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பரண் தூசி என்று அம்மாவிடம் சொன்னேன்.

காலண்டர் தாளின் பின்பக்கம் நீ படம் போட்டு விளக்கினாய். மேலே நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி. அதன் பின்கண்ணாடியில் மேலாக ஒரு ஓட்டை. அதன் வழியே தண்ணீர் வழிந்து, ஸ்டாண்டுக்குக் கீழே ஒளித்து வைத்திருக்கும் இன்னொரு தொட்டிக்குள் இறங்கும். கீழ்த்தொட்டியில் கண்ணாடித் தடுப்பு வைத்து மூன்று அறை. முதல் அறையில் பஞ்சு, கண்ணுக்குத் தெரிகிற அழுக்கைப் பிடிக்க. இரண்டாவதில் சின்னச் சின்னதாய் ஓட்டை போட்ட மண் வளையங்கள். மூன்றாவதில் மோட்டார். அது தண்ணீரை மறுபடி மேலே ஏற்றும். "இவ்வளவுதானா? நம்ம ஊருக்குத் தண்ணி விடுற கணக்குதானேடா இது" என்றேன். "ஆமாப்பா, அதான் ஒங்கள்ட்ட கேக்குறேன்" என்றாய். பாவி, அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தலைகால் புரியாமல் போய்விட்டது.

புதுக்கோட்டையிலிருந்து குட்டி யானை வண்டியில் தொட்டி வந்தது. அப்புறம் மூன்று வாரம் நீயும் நானும் அந்த இரும்பு ஸ்டாண்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தோம். வெளியே தெரிந்தது நம் இரண்டு பேர் பின்பக்கமும்தான். அம்மா காய்கறியோடு வந்தவள், "அப்பனும் மகனும் என்னத்தைத் தொலைச்சீங்க அங்கிட்டு?" என்று சிரித்தாள். நீ பைப்பை அளந்து சொல்வாய், நான் அறுப்பேன். நீ வளைவுக்கு எல்போவை வைத்துப் பார்ப்பாய், நான் ஒட்டுவதற்குச் சொல்யூஷன் தடவுவேன். வழியும் குழாயில் தண்ணீர் களக் களக்கென்று கத்தியது. அதை அடக்க நீ ஒரு வால்வை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டு நாலு நாள் உட்கார்ந்திருந்தாய். ஊராட்சியில் நான் ஒரு வால்வோடு நாலு நாள் உட்கார்ந்திருந்தால் தலைவர் என்னைத் தொட்டி மேலிருந்து தள்ளியிருப்பார்.

சண்டையும் போட்டோம். கரண்ட் போனால் மோட்டார் நிற்கும், மேலே இருக்கிற தண்ணீர் ஏற்றுகிற குழாய் வழியாகவே திரும்பிக் கீழே வரும், கீழ்த்தொட்டி நிரம்பி ஹாலில் ஓடும். அதைத் தடுக்க நீ சொன்ன வழி, ஏறுகிற குழாயில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்ன ஓட்டை. மட்டம் அந்த ஓட்டைக்கு இறங்கியதும் காற்று உள்ளே போகும், இழுப்பது நின்றுவிடும். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒழுகுகிற குழாயை அடைக்கத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள், நல்ல குழாயில் ஓட்டை போடச் சொல்கிறானே இவன் என்று. "ஒத்தைவழி வால்வு ஒண்ணு மாட்டுனா சோலி முடிஞ்சுது" என்றேன். "அதுல அழுக்கு சிக்குனா மூடாதுப்பா" என்றாய். "நீ பொறக்குறதுக்கு முன்னாடியே நான் வால்வு மாட்டுனவன்டா" என்றேன். நீ விட்டுக்கொடுத்தாய். நான் ஜெயித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

புரட்டாசியில் ஒருநாள் மத்தியானம் கரண்ட் போனது. வால்வுக்குள் ஒரு நத்தைக் குஞ்சு போய் உட்கார்ந்திருந்தது போல. தண்ணீர் முழுக்கத் திரும்பி இறங்கி, கீழ்த்தொட்டி வழிந்து, ஹால் முழுக்கப் பரவி, அடுப்படியில் இருந்த அம்மாவின் காலை நனைத்தது. அவள் போட்ட கூச்சலில் நான் ஓடிவந்து வழுக்கி, அந்தத் தண்ணீரிலேயே மல்லாந்து விழுந்தேன். நீ என்னைத் தூக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். விழுந்து விழுந்து சிரித்தாய். இடுப்பு ஒரு வாரம் வலித்தது. இருந்தாலும் சொல்கிறேன், என் வேலையில் நான் தோற்றதற்காகச் சந்தோஷப்பட்டது அந்த ஒரு நாள்தான். அன்றைக்குச் சாயங்காலமே நீ ஓட்டையைப் போட்டாய். அப்புறம் ஒரு சொட்டு தரையில் விழவில்லை.

அதற்கு முன்னால், குழாய் வேலை முடிந்து தண்ணீர் விட்ட பிறகு, ஒரு மாதம் நீ மீனே வாங்கவில்லை, ஞாபகம் இருக்கிறதா? வெறும் தண்ணீர் சுற்றிக்கொண்டே இருந்தது. உன் மாமா வந்து, "மீனு எங்க மாப்ள, லீவுல போயிருக்கா?" என்று கிண்டல் செய்தார். நானும் கேட்டேன். "தண்ணி பழகணும்பா. அந்த ரெண்டாவது அறையில கண்ணுக்குத் தெரியாத உசுருக வளரணும். மீனு போடுற கழிவைத் திங்கிறது அதுகதான். அதுக இல்லாட்டி மீனு தன் கழிவுலயே செத்துப்போகும்" என்று சொன்னாய். நான் தலையை ஆட்டினேன். தலை ஆட்டியதோடு சரி, மண்டைக்குள் ஏற்றிக்கொள்ளவில்லை. நான் பார்த்ததெல்லாம், அந்த ஒரு மாதத்தில் நீ தாடியை எடுத்தாய், இரண்டாம் தடவை சோறு கேட்டாய், அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கீரமங்கலம் சந்தைக்குப் போனாய். பாயை எடுத்து வந்து ஹாலில் தொட்டிக்குப் பக்கத்தில் படுக்கவும் ஆரம்பித்தாய். மீன் மேல் அவ்வளவு ஆசை போல என்று நினைத்துக்கொண்டேன். மீனே இல்லாத தொட்டியின் பக்கத்தில் எதற்குப் படுக்கிறான் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் வேறு ஏதாவது புரிந்திருக்கும்.

மாசியில் கோயம்புத்தூர் வேலை கிடைத்துப் புறப்பட்டாய். போகும்போது ஸ்டாண்டுக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டினாய். ஞாயிறுதோறும் கால்வாசித் தண்ணீர் மாற்ற வேண்டும். பஞ்சை மட்டும், அதையும் தொட்டித் தண்ணீரிலேயே கசக்க வேண்டும். மூன்றாவது வரிக்கு அடியில் இரண்டு கோடு: இரண்டாவது அறையைத் தொடவே கூடாது. மூன்றரை மாதம் நான் ஒரு எழுத்துப் பிசகாமல் நடந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. அம்மாவிடம் கேட்டுப் பார்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் நீ கூப்பிட்டு, "அடுத்த வாரத்துக்கு அடுத்த சனிக்கிழமை வாரேம்ப்பா, ரெண்டு நாள் இருப்பேன்" என்றாய். போனபின் முதல் தடவையாக வருகிறாய். எனக்குக் கையும் காலும் ஓடவில்லை. உன் மெத்தையை வெயிலில் போட்டேன், வாசல் கேட்டுக்கு எண்ணெய் விட்டேன். அப்புறம் ஸ்டாண்டைத் திறந்து குனிந்து பார்த்தேன். இரண்டாவது அறையில் அந்த வளையங்கள் மேல் பழுப்பாக, வழவழவென்று ஒரு படலம் படிந்திருந்தது. என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். மாதத்துக்கு இரண்டு தரம் மேல்நிலைத் தொட்டிக்குள் இறங்கி, சுவரில் அந்த வழவழப்பு ஒரு விரலுக்கு இல்லாமல் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, கீழே தூணில் சுத்தம் செய்த தேதியை எழுதிவிட்டு வருவேன். அந்த வழவழப்பைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. மகன் வரும்போது அவன் தொட்டிக்குள் இப்படி அசிங்கமாக இருக்கலாமா என்று தோன்றியது. தோன்றியதோடு நின்றிருக்கலாம்.

அம்மா பார்த்துவிட்டாள். "தொடக் கூடாதுன்னு எழுதியிருக்கான், என்னத்துக்கு அதை அள்ளுறீங்க?" என்றாள். "அவன் படிச்சவன், இந்த அழுக்கெல்லாம் அவனுக்குத் தெரியாது. ஒனக்குச் சுத்தமாத் தெரியாது" என்றேன். வளையங்களை வாளியில் போட்டு, பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற வைத்து, நாலு தண்ணீரில் அலசி, வாசம் போகிறவரை முகர்ந்து பார்த்து, மொட்டை மாடியில் துணி விரித்து ஒரு நாள் முழுக்க வெயிலில் காய வைத்தேன். சும்மா சொல்லக் கூடாது, பால் வெள்ளையாக வந்தது. பிளீச்சிங் மிச்சம் ஒரு துளிகூடத் தொட்டிக்குள் போகவிடவில்லை, அந்த விஷயத்தில் நான் கெட்டிக்காரன். எல்லாவற்றையும் மறுபடி அடுக்கி, கதவின் உள்பக்கம் உன் தாளுக்குக் கீழே சாக்பீஸால் தேதியும் எழுதினேன். பழக்கதோஷம். நான் என்றைக்குச் செய்தேன் என்பதற்கு என் கையெழுத்தே அங்கே சாட்சியாக இருக்கிறது. அழிக்கப் போய், அழிக்காமல் விட்டுவிட்டேன்.

இரண்டு நாள் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் பேரட் நான்கும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசி என்று நினைத்துக் கூடக் கொஞ்சம் இரை போட்டேன். அதுவும் தப்பு என்று அப்புறம்தான் தெரிந்தது. நாலாம் நாள் காலை இரண்டு மிதந்தன. பாதித் தண்ணீரை மாற்றினேன். மறுநாள் இன்னொன்று, அதற்கு மறுநாள் நாலாவது பேரட்டும். மறுபடி மாற்றினேன். தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருக்கிறது, அதற்குள் கிடந்து அதுகள் மூச்சுக்குத் திணறுகின்றன, நான் வெளியே உட்கார்ந்து பார்க்கிறேன். எந்த வால்வை மூடுவது என்று எனக்குத் தெரியவில்லை. சின்ன ஆஸ்கர் சாக ஒரு பகல் முழுக்க ஆனது. கொல்லையில் எலுமிச்சை ஓரம் குழி தோண்டிப் புதைத்தேன். அம்மா பக்கத்தில் வந்து நின்றாள். "இன்னும் எதையாச்சும் கழுவணுமா?" என்று மட்டும் கேட்டாள். அவள் என்னோடு கடைசியாகப் பேசியது அதுதான். இப்போது சாப்பாடு வைக்கிறாள், பேச்சு இல்லை.

இன்னொரு அயோக்கியத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை நான் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். போனில் உன் மீன்களின் படம் இருந்தது. அதே அளவில், அதே நிறத்தில் ஐந்து வாங்கி வந்து விட்டுவிட்டால் உனக்குத் தெரியவா போகிறது என்பது என் கணக்கு. நீ மீன் வாங்கிய அதே கடைதான். கல்லாவில் இருந்த அந்த அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். மீனைப் பார்க்காமல் தொட்டியைப் பார்த்தாள். "இது நம்ம கீரமங்கலத்துத் தம்பி தொட்டில்ல? நீங்க அவுக அப்பாவா? வாங்க, உக்காருங்க. என்னாச்சு மீனுக்கு?" என்றாள். செத்துப்போச்சு என்றேன். "பில்டரைக் கழுவுனீங்களா?" என்று நேராகக் கேட்டாள். ஆமாம் என்றேன். "எதுல?" என்றாள். சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"மீனு தரமாட்டேங்கய்யா. இப்ப விட்டா இதுகளும் போயிரும். அந்த உசுருக திரும்ப வளர ஒரு மாசம் ஆகும், அதுக்கு அவசரமே கெடையாது" என்றாள். சனிக்கிழமை மகன் வருகிறான் என்றேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள். அவள், "இப்ப நல்லாத் தூங்குறாப்லயா?" என்று கேட்டாள். எனக்குப் புரியவில்லை. "இல்லங்கய்யா, வர்றப்பல்லாம் தம்பி சொல்லும். தூக்கமே வரமாட்டேங்குதுக்கா, மாசக்கணக்கா இப்புடித்தான், இந்தத் தண்ணிச் சத்தம் கேட்டாத்தான் கொஞ்சம் கண்ணு மூடுதுன்னு. டாக்டரைப் பாரு தம்பின்னு நாங்கூட ரெண்டு தடவை சொன்னேன்" என்றாள். மீன் விற்கிற கடையில் உட்கார்ந்து என் மகனைப் பற்றி நான் தெரிந்துகொண்டேன். ஒரே வீட்டில், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் நான் குறட்டை விட்டுத் தூங்கிய மாதங்கள் அவை. "எங்கப்பா பைப் வேலையில கில்லாடிக்கா, ஒரு எடத்துல ஒழுகாதுன்னு ஒங்களைப் பத்திப் பெருமையாச் சொல்லும்" என்று வேறு சொன்னாள். என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

புறப்படும்போது அவள் தன் பில்டர் பஞ்சு ஒன்றை எடுத்து ஒரு பாலிதீன் பையில் பிழிந்து, கஞ்சி போல் பழுப்பாக இருந்த அந்தத் தண்ணீரைக் கட்டி என் கையில் கொடுத்தாள். "இதைக் கொண்டுபோயி ரெண்டாவது அறையில ஊத்துங்க. இதுல கொஞ்சம் உசுரு இருக்கும். தெனம் பாதித் தண்ணி மாத்துங்க, இரை போடாதீங்க. பொழைக்கிறது அது பாடு" என்றாள். பஸ்ஸில் மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த ஆள், "என்னண்ணே பையில, மீனா?" என்றார். "இல்ல தம்பி, அழுக்கு" என்றேன். அவர் அடுத்த ஸ்டாப்பில் வேறு சீட்டுக்குப் போய்விட்டார். முப்பத்தொரு வருஷம் அந்த அழுக்கைத் தேய்த்துக் கொன்றதற்குத்தான் எனக்குப் பென்ஷன் வருகிறது. அன்றைக்கு அது சிந்திவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஊற்றி இரண்டு நாள் ஆகிறது. பெரிய ஆஸ்கர் செவுளை அசைக்கிறது, அவ்வளவுதான். நான் முன்னால் போய் நின்றால் கண்ணை மட்டும் என் பக்கம் உருட்டுகிறது. சனிக்கிழமை வரை இருக்குமா என்று எனக்குத் தெரியாது. தண்ணீர் மாற்றுவது தவிர நான் செய்ய ஒன்றும் இல்லை.

அப்பன் எழுதுகிற கடிதத்தில் நாலு நல்ல புத்தி இருக்க வேண்டும் என்பார்கள். யோசித்துப் பார்த்தேன். இரண்டு குழாயை இணைக்கிற யூனியனைக் கையால் மட்டும் முறுக்கு, ஸ்பானர் போட்டால் உள்ளே ரப்பர் நசுங்கிவிடும். சொல்யூஷன் ஒட்டிய குழாயில் அவசரப்பட்டுத் தண்ணீர் விடாதே. இதற்குமேல் என்னிடம் புத்தி இல்லை. எது அழுக்கு, எது உயிர் என்றே தெரியாமல் இத்தனை வயது வரை இருந்துவிட்டேன். உன்னை எழுப்பி நிறுத்தியது எது என்றும் தெரியாமல் இருந்தேன். நம் இரண்டு பேரும் சேர்ந்து செய்த வேலை என்று பெருமைப்பட்டுக்கொண்டேன், கடைசியில் அதிலேயே கையை வைத்தேன்.

நீ வந்து என்னைத் திட்டினால் வாங்கிக்கொள்வேன். பேசாமல் இருந்தால்தான் எனக்கு என்ன செய்வதென்று தெரியாது. இதைப் படித்துவிட்டு வர மனம் இல்லையென்றால் வராதே, வற்புறுத்த மாட்டேன். ஆனால் சனிக்கிழமை அந்தக் காலை பஸ்ஸில் நீ இறங்கவில்லை என்றால், அடுத்த பஸ்ஸில் நான் கோயம்புத்தூர் புறப்படுவேன். மீனைப் பற்றிப் பேச வர மாட்டேன். சென்னையில் உனக்கு என்னடா நடந்தது என்று கேட்க வருவேன். ஒரு வருஷம் தாமதம்தான். நீ சொன்னாலும் என்னால் எதையும் சரிபண்ண முடியாது, அது எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. உன் ரூமில் ஒரு ஓரமாகப் பாயை விரித்துப் படுத்துக்கொள்கிறேன். உனக்குத் தூக்கம் வராவிட்டால் என்னை எழுப்பு. நானும் முழித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பா